சேர் வாங்குறதுக்கு முன்னாடி டேபிள அளந்து பாருங்க

என் அண்ணன் பையனுக்கு அவன் ஆபீஸ்ல 15,000 ரூபா குடுத்து வீட்லயே ஒரு நல்ல செட்டப் பண்ணிக்கோன்னு சொல்லிட்டாங்க. உடனே எனக்கு வாட்ஸ்அப்ல நாலு சேர் படம் வந்துச்சு, "அத்தை இதுல எது வாங்கட்டும்"னு கேட்டான். நான் "உன் டேபிள் எத்தன இன்ச் உயரம்"னு கேட்டேன். "அத்தை, நான் சேரப் பத்தி கேட்டேன்"னான். தெரியும்டா, நானும் மொதல்ல சேர் வாங்கி 9,500 ரூபாய தண்டம் கட்டுனவதான், அதனாலதான் கேக்குறேன்னு சொல்லிட்டு அவனுக்கு பதில் எழுத உக்காந்தேன், அது நீண்டுக்கிட்டே போய் இவ்ளோ ஆயிடுச்சு.

என் வேலை ப்ரூஃப் பாக்குறது, அதாவது பிழை திருத்துறது. ரெண்டு மூணு பதிப்பகத்துக்கு புத்தகம், நடுநடுவுல சப்டைட்டில். நங்கநல்லூர்ல வாடகை வீடு, டைனிங் டேபிள்ல லேப்டாப்ப வச்சு காலைல ஒம்பது மணிக்கு உக்காந்தா சாயங்காலம் விளக்கு ஏத்துற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன், நடுவுல சாப்பாடு கூட அதே டேபிள்தான், லேப்டாப்ப ஒரு பக்கமா தள்ளி வச்சுட்டு. ரெண்டு வருஷம் ஒண்ணும் தெரியல. அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வர ஆரம்பிச்சுது, வலது கைல கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் மரத்துப் போயிருக்கும், எந்திரிச்சு உக்காந்து கைய உதறுவேன், அஞ்சு நிமிஷத்துல சரியாகும், திரும்ப நாலு மணிக்கு அதே கதை. ஒரு கிளினிக்ல காட்டுனேன். என்ன வேலை பாக்குறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம பத்து நாளுக்கு வலி மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க.

அதுக்கப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் பொண்ணுகிட்ட போனேன், அவ கேட்ட மொத கேள்வியே "சுண்டுவிரலும் மரக்குதாக்கா?" இல்லைன்னேன். கட்டைவிரல்ல இருந்து மோதிரவிரல்ல பாதி வரைக்கும் ஒரு நரம்பு, மீடியன் நரம்பு, அது மணிக்கட்டுல ஒரு குறுகலான சந்து வழியா வருது, அங்க நெருக்கடி வந்தா இந்த மூணு விரலும் மரக்கும், ராத்திரி தூக்கத்துல மணிக்கட்ட மடிச்சுக்கிட்டு படுக்குறதால அப்பதான் அதிகமாத் தெரியும். சுண்டுவிரல்னா அது வேற நரம்பு, அநேகமா முழங்கைய டேபிள் விளிம்புல ஊணி ஊணி வர்றது. இன்னொண்ணும் சொன்னா, கம்ப்யூட்டர மட்டும் குத்தம் சொல்லாதீங்க, சுகர், தைராய்டு ரெண்டும் டெஸ்ட் எடுங்க, மாசமா இருக்குற பொண்ணுங்களுக்கும் இது வரும்னு. எடுத்தேன், தைராய்டு கொஞ்சம் எகிறித்தான் இருந்துச்சு. அதுக்கு மாத்திரை, ராத்திரிக்கு மணிக்கட்டு நேரா இருக்குற மாதிரி ஒரு பட்டை, பகலுக்கு? "பகலுக்கு உங்க டேபிள்தான் மருந்து, ஒரு டெய்லர் டேப் எடுத்துட்டு வாங்க"ன்னா.

அளந்தத சொல்றேன், ஏன்னா மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. என் உயரம் 5 அடி 1 இன்ச். பாதம் தரைல முழுசா பதியற மாதிரி உக்காந்தா முழங்காலுக்குப் பின்பக்கம் தரைல இருந்து பதினஞ்சரை இன்ச். அதாவது எனக்கு சீட் அந்த உயரத்துலதான் இருக்கணும். தோள தளர்த்தி கைய தொங்கவிட்டு மடக்குனா முழங்கை சீட்டுல இருந்து 9 இன்ச். கூட்டுனா இருபத்தி நாலரை. விரல் கீபோர்டு மேல இருக்க வேண்டிய உயரம் அதுதான். என் டைனிங் டேபிள் 30 இன்ச், அதுக்கு மேல லேப்டாப் தடிமன் வேற. ஆக நான் ரெண்டு வருஷமா அஞ்சரை ஆறு இன்ச் மேல கைய தூக்கி, தோள காதுகிட்ட கொண்டு போயி, டேபிள் விளிம்புல மணிக்கட்ட அழுத்தி டைப் அடிச்சுருக்கேன். கடையில விக்கிற டேபிள் எதைப் பாத்தாலும் 29, 30 இன்ச்தான். ஆறடி ஆளுக்கு அது கிட்டத்தட்ட சரி. நம்ம ஊர்ல பொம்பளைங்க எத்தன பேரு ஆறடி?

இப்ப புரியுதா ஏன் மொதல்ல டேபிளக் கேட்டேன்னு. சேர்ல ஏத்தி எறக்குற லீவர் இருக்கும், டேபிளுக்கு இருக்காது. ஏறாத எறங்காத சாமான் எதுவோ அதுதான் முடிவு பண்ணும், மத்ததெல்லாம் அதுக்குத் தக்கன ஆடணும்.

இந்த அஞ்சு இன்ச்ச எப்படி சரிக்கட்டுறது? நாலஞ்சு வழி இருக்கு, நான் மூணு பண்ணிப் பாத்துருக்கேன்.

மொத வழி சேர உயர்த்துறது. சேர் லீவர இழுத்து அஞ்சு இன்ச் ஏத்துனா கை சரியா வந்துரும், ஆனா கால் அந்தரத்துல தொங்கும். தொங்குனா தொடைக்கு அடியில சீட் விளிம்பு அழுத்தும், சாயங்காலம் கால் வீங்குன மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல நமக்கே தெரியாம முன்னாடி நகந்து சீட் நுனியில உக்காந்துருப்போம், முதுகு சாயாது, அப்புறம் சேர் எவ்ளோ விலையா இருந்தா என்ன. அதனால சேர ஏத்துனா கால் பலகையும் கூடவே வேணும், ரெண்டும் ஒரே கணக்குதான், சேர் எத்தன இன்ச் ஏறுதோ பலகையும் அத்தன இன்ச். கடையில ஃபுட்ரெஸ்ட்னு விக்கிறது பெரும்பாலும் மூணு நாலு இன்ச்சுதான். நான் பழைய பேப்பர் கட்டு ரெண்டு எடுத்து கயிறு கட்டி போட்டுக்கிட்டேன், செலவு பூஜ்யம், தேஞ்சா மாத்திக்கலாம். இந்த வழில ஒரே தொல்லை, ஒவ்வொரு தடவை எந்திரிக்கும்போதும் படி எறங்குற மாதிரி எறங்கணும். வாடகை டேபிள், அடுத்தவங்க டேபிள், ஹாஸ்டல் டேபிள்னா கண்ண மூடிக்கிட்டு இதத்தான் சொல்லுவேன்.

ரெண்டாவது, டேபிளுக்கு அடியில இழுக்குற மாதிரி கீபோர்டு தட்டு மாட்டுறது. பழைய பிரவுசிங் சென்டர் டேபிள்ல எல்லாம் இருக்குமே அது. மூணு நாலு இன்ச் எறங்கும். ஆனா நெறைய தட்டுல கீபோர்டு மட்டும்தான் உக்காரும், மவுஸ் மேல டேபிள்லயே இருக்கும், அப்ப மவுஸுக்காக கைய மறுபடி தூக்குறோம், அதுவும் வலது கைய மட்டும், அதுக்கு மாட்டாமலே இருக்கலாம். மவுஸும் சேந்து உக்காருற அகலத்துல, கிட்டத்தட்ட ரெண்டேகால் அடி, கிடைச்சா மாட்டுங்க. இன்னொண்ணு, தட்டு எறங்குன அளவுக்கு தொடைக்கு எடம் போகும். தொடைக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு இன்ச்சாவது கேப் இல்லைன்னா காலக் கூட மாத்திப் போட முடியாது.

மூணாவது வழி டேபிள் கால வெட்டுறது. சிரிக்காதீங்க, நான் கடைசில இதத்தான் பண்ணேன். டைனிங் டேபிள இல்ல, மாமனாரோட பழைய எழுதுற மேஜை ஒண்ணு மாடில சும்மா கெடந்துச்சு, தேக்கு, நடுவுல ஒரு டிராயர். ஆசாரிய கூப்பிட்டு அஞ்சு இன்ச் வெட்டணும்னேன். அவரு மேஜைய ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு "ஏம்மா, இது பர்மா தேக்கு, இதப் போயி வெட்டச் சொல்றீங்களே, கை எப்படி வரும் எனக்கு"ன்னு அரை மணி நேரம் கெஞ்சுனாரு. அப்புறம் வெட்டுனாரு. வெட்டி முடிச்சு நான் பெருமையா போய் சேர இழுத்துப் போட்டு உக்காந்தா, முட்டி உள்ள போகல. டிராயர் அடிப்பாகம் தரைல இருந்து 21 இன்ச்சுக்கு வந்துருச்சு, என் தொடை மேல்பக்கமும் அதே 21. வெட்டுறதுக்கு முன்னாடி மேல் உயரத்த மட்டும் அளந்தேன், அடியில என்ன இருக்குன்னு அளக்கல. டிராயரக் கழட்டி வீசுனதுக்கு அப்புறம்தான் சரியாச்சு. ஆசாரி ஒண்ணும் சொல்லல, அந்த மூஞ்சி சொல்லுச்சு. செலவு 600 ரூபா. இதுல உள்ள கஷ்டம், வெட்டுனா ஒட்ட முடியாது, அடுத்து அந்த மேஜை எனக்கு மட்டும்தான். என் வீட்டுக்காரர் 5 அடி 9, அவரு அதுல உக்காந்தா எல்கேஜி பெஞ்சுல உக்காந்த மாதிரி இருக்கும். ஆனா தெனம் எட்டு மணி நேரம் ஒரே ஆள் உக்காருற டேபிள்னா இதவிட மலிவா, இதவிட சரியா ஒண்ணும் இல்ல.

நாலாவது, மோட்டார் வச்ச டேபிள், பட்டன் அமுக்குனா ஏறும் எறங்கும். இதுக்கு எல்லாரும் நின்னுக்கிட்டு வேலை பாக்கலாம்னு வாங்குறாங்க, நான் கேக்குறது எவ்ளோ கீழ எறங்கும்னு. விலை கம்மியான டேபிள்ல கால் ரெண்டு அடுக்கா இருக்கும், அது பெரும்பாலும் 28 இன்ச் பக்கத்துலயே நின்னுரும், அதாவது என்னை மாதிரி ஆளுக்கு முழுசா எறக்குனாலும் மூணு நாலு இன்ச் அதிகம்தான். மூணு அடுக்கு கால்னா 24 இன்ச் பக்கம் வரும், விலையும் அதுக்குத் தக்க எகிறும். அஞ்சேகால் அடிக்கு கீழ இருக்குறவங்க "மேல எவ்ளோ போகும்"ங்கறதப் பாக்காம கீழ எவ்ளோ வரும்னு பாத்து வாங்குங்க. வீட்ல ரெண்டு பேரு, வேற வேற உயரம், மாத்தி மாத்தி ஒரே டேபிள்ல உக்காருறாங்கன்னா அப்பதான் இந்தக் காசுக்கு அர்த்தம் இருக்கு.

நிக்கிறதப் பத்தி ஒரு வார்த்தை. நின்னா உடம்பு எளைக்கும்னு விளம்பரம் பண்றாங்க, உக்காருறதுக்கும் நிக்கிறதுக்கும் வித்தியாசம் மணிக்கு பத்து கலோரி கூட தேறாது, ஒரு பிஸ்கட்டுல பாதி கூட இல்ல. நாள் முழுக்க நின்னா குதிகால் வலி, கால்ல நரம்பு சுருட்டல், துணிக்கடைல வேலை பாக்குற பொண்ணுங்களக் கேட்டுப் பாருங்க. மாத்தி மாத்தி உக்காந்து நின்னாதான் லாபம். அதுக்கு மோட்டார் தேவையில்ல, நான் போன் வந்தா நின்னு பேசுவேன், ப்ரூஃப்ல கடைசி வாசிப்ப சமையல் மேடைல முறுக்கு டின்னு மேல லேப்டாப்ப வச்சு நின்னுக்கிட்டே படிப்பேன். படிக்க மட்டும். டைப் அடிக்க எனக்கு நிக்கும்போது 38 இன்ச் வேணும், மேடை 33, முறுக்கு டின் வச்சா அது டைப்புக்கு எகிறிரும்.

தரைல சம்மணம் போட்டு உக்காருறவங்களும் இருக்காங்க, எங்கம்மா அதத்தான் சொல்லுவாங்க, அந்தக் காலத்து மளிகைக்கடை கணக்குப்பிள்ளை எல்லாம் சாய்வுப் பலகை வச்ச பெட்டி முன்னாடி தரைல உக்காந்துதான எழுதுனாங்கன்னு. உண்மைதான், அந்த சாய்வு இருக்கே அது கெட்டிக்காரத்தனம், தலை குனிய வேண்டிய அளவ நல்லாவே கொறைக்கும். ஆனா அவரு பேப்பர்ல எழுதுனாரு, நம்ம ஸ்கிரீனப் பாக்குறோம். தரைல உக்காந்தா ஸ்கிரீன் 28 இன்ச் உயரத்துக்கு வரணும், கீபோர்டு 9 இன்ச்ல இருக்கணும், அதெல்லாம் செட் பண்றதுக்குள்ள முட்டி மரத்துரும். அரை மணி நேரத்துக்கு நல்லது, வேலை நாளுக்கு இல்ல. கட்டில்ல கால நீட்டி லேப்டாப் ஸ்டூல் வச்சுக்கிறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, அத ஒரு வழியாவே கணக்குல எடுக்கல.

அடுத்து ஸ்கிரீன். லேப்டாப்புல ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டிப் பொறந்த ரெட்டை. கைக்கு சரியா வச்சா கழுத்து குனியும், கழுத்துக்கு சரியா வச்சா கை தூக்கும், ரெண்டையும் பிரிக்காம இது தீரவே தீராது. தலை கிட்டத்தட்ட 5 கிலோ. 2014ல ஒரு அமெரிக்க முதுகெலும்பு சர்ஜன் கம்ப்யூட்டர் மாடல் வச்சு கணக்கு போட்டாரு, தலைய 60 டிகிரி குனிஞ்சா கழுத்து மேல விழுற பாரம் 27 கிலோன்னு. யாரு கழுத்துலயும் தராச வச்சு அளந்தது இல்ல, மாடல் கணக்குதான், அதனால இந்த நம்பர ரொம்பப் பிடிச்சுத் தொங்க வேண்டாம், ஆனா ஒரு அரிசி மூட்டைய சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கும் கைய நீட்டி பிடிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கும் வித்தியாசம் நமக்கே தெரியும்ல.

பிரிக்க ரெண்டு வழி. ஒண்ணு லேப்டாப்ப ஸ்டாண்டுல தூக்கி வச்சு தனி கீபோர்டு, மவுஸ் வாங்குறது, மூணும் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுரும், ஸ்டாண்டுக்குப் பதிலா தடிமனா நாலு புத்தகம் வச்சா இன்னும் கம்மி. இன்னொண்ணு தனி மானிட்டர். நான் சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்டுல 20 இன்ச் ஒண்ணு 2,800க்கு வாங்குனேன். ப்ரூஃப் பாக்குறவங்களுக்கு மானிட்டர்தான்னு சொல்லுவேன், காரணம் உயரம் இல்ல, எழுத்து. லேப்டாப்ல ண, ன, புள்ளி இருக்கா இல்லையான்னு பாக்க நான் கழுத்த முன்னாடி நீட்டுவேன், ஆமை மாதிரி. எழுத்து பெருசானா தன்னால பின்னாடி சாஞ்சுருவோம். ஸ்டாண்ட் வாங்குறவங்க எழுத்த 125, 150 சதவீதத்துக்கு ஏத்திட்டு அப்புறம் உயரத்தப் பாருங்க. ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு, இல்ல ஒரு பொட்டு கீழ. கைய நீட்டுனா விரல் நுனி ஸ்கிரீன தொடணும், அவ்ளோ தூரம். ஒரே கண்ணாடில தூரமும் கிட்டவும் தெரியற வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும், அவங்க கண்ணாடியோட கீழ்ப்பாதி வழியா பாப்பாங்க, ஸ்கிரீன் உயரமா இருந்தா மோவாய தூக்கித் தூக்கி கழுத்து பின்பக்கம் பிடிச்சுக்கும், அவங்க நல்லா எறக்கியே வச்சுக்கணும். ஜன்னலுக்கு எதிரயும் வேண்டாம், முதுகுப் பக்கமும் வேண்டாம், ஜன்னல் பக்கவாட்டுல வர மாதிரி உக்காருங்க.

பேப்பர் ப்ரூஃப் வர்றவங்களுக்கு ஒண்ணு. ஏ4 கட்ட இடது பக்கம் டேபிள்ல படுக்க வச்சுட்டு, ஒரு வரி படிக்க குனிஞ்சு, ஸ்கிரீனப் பாக்க நிமிந்து, ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அந்த ஆட்டம் ஆடுவேன், கழுத்துல இடது பக்கம் மட்டும்தான் வலிக்கும். இப்ப போன வருஷ தினசரி காலண்டர் அட்டை இருக்கே, சாமி படம் போட்டது, தேதி எல்லாம் கிழிச்சு முடிச்சது, அதுல ரெண்டு கிளிப்பப் போட்டு மானிட்டர் பக்கத்துலயே சாச்சு வச்சுட்டேன். முருகர் மேல பேப்பர மாட்டுறோமேன்னு மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, திருப்பி வச்சு மாட்டிக்கிட்டேன்.

கீபோர்டுக்கு வருவோம், இதுல தமிழ் டைப் அடிக்கிறவங்களுக்குத் தனிக் கணக்கு. வளைஞ்சது, நடுவுல பொளந்ததுன்னு எர்கோனாமிக் கீபோர்டு நெறைய வந்துருச்சு, மைக்ரோசாஃப்ட் 1994லயே ஒண்ணு விட்டாங்க, மணிக்கட்டு வெளிப்பக்கமா திரும்பாம நேரா இருக்கட்டும்னு பண்ணது. நல்ல சாமான்தான், பழக ரெண்டு மூணு வாரம் ஆகும், விலையும் அதிகம். ஆனா நான் அதுக்கு முன்னாடி விரல் எத்தன தடவை அடிக்குதுன்னு எண்ணிப் பாத்தேன். "வணக்கம்" இங்கிலீஷ் எழுத்துல உச்சரிப்பு வச்சு அடிச்சா எட்டு அடி, நடுவுல ண வுக்கு ஷிஃப்ட் வேற. தமிழ்99னு ஒரு தமிழ் கீபோர்டு அமைப்பு இருக்கு, அதுல வ, ண, க, க, ம, புள்ளி, ஆறே அடி, ரெண்டு க அடிச்சா நடுவுல புள்ளிய அதுவே போட்டுக்கும், ஷிஃப்ட் கிடையாது. ந த, ம ப, ண ட மாதிரி சேந்து வர்றதுக்கும் அதே. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் கிட்டத்தட்ட எல்லாமே வலது கைக்கு, அதனால கை மாத்தி மாத்தி வேலை பாக்கும். 1999ல சென்னைல நடந்த தமிழிணைய மாநாட்டுல வந்தது, இன்னும் பாதிப் பேரு தொட்டுக்கூட பாக்கல. ஒரு நாள் முழுக்க தமிழ்ல அடிக்கிறவங்களுக்கு இந்த மாத்தம் பொளந்த கீபோர்டவிட பெருசு, காசும் கிடையாது.

குறையும் சொல்லணும்ல. தமிழ்99ல ந, ய, ண, ச, ழ, ஞ அத்தனையும் வலது சுண்டுவிரல் பக்கம். நம்ம மொழில ந வும் ய வும் எத்தன தடவை வரும்னு யோசிச்சுப் பாருங்க. மொத மாசம் சுண்டுவிரல் சோர்ந்துரும், விரல இழுத்து நீட்டாம கையையே நகத்தி அடிக்கக் கத்துக்கிட்டா சரியாயிடும். நீளமா அடிக்கணும்னா போன்ல பேசி டைப் ஆக்கி அத லேப்டாப்ல திருத்துறேன், சந்தி எல்லாம் கன்னாபின்னான்னு வரும், ஆனா கைக்கு லீவு.

சாதா கீபோர்டு வாங்குனா ரெண்டு விஷயம். நம்பர் பேட் இல்லாத குட்டி கீபோர்டா வாங்குங்க, அந்த நம்பர் பேட் இருக்குற நாலு இன்ச்சுக்காகத்தான் மவுஸ் தூரமா போயி வலது தோள் வலிக்குது. அக்கவுண்ட்ஸ்காரங்க மன்னிச்சுக்கோங்க, உங்களுக்கு அது வேணும், நீங்க மவுஸ இடது கைக்கு மாத்திப் பாருங்க. ரெண்டாவது, கீபோர்டுக்கு அடியில பின்பக்கம் ரெண்டு குட்டிக் கால் இருக்குமே, அத விரிக்காதீங்க. விரிச்சா மணிக்கட்டு மேல்பக்கமா மடங்கும், அந்த சந்துல இன்னும் நெருக்கடி. ஜெல் மெத்தை மாதிரி மணிக்கட்டுக்கு விக்கிறாங்களே அது டைப் அடிக்காம சும்மா இருக்கும்போது வச்சுக்க, அதுல ஊணிக்கிட்டே அடிச்சா நரம்பு மேலயே ஊணுறோம்.

மவுஸ்ல நிமிந்து நிக்கிற வெர்டிகல் மவுஸ், யாருக்கோ கை குடுக்குற மாதிரி பிடிக்கிறது, முன்கை முறுக்காம இருக்கும். எனக்கு அது ஒத்து வந்துச்சு, ஆனா மொத வாங்குனது பெரிய கைக்கு, என் விரல் பட்டனுக்கு எட்டல, திருப்பி அனுப்பி சின்ன சைஸ் வாங்குனேன். கட்டைவிரல்ல உருட்டுற டிராக்பால் நான் வாங்க மாட்டேன், நாள் முழுக்க போன்ல கட்டைவிரல்தான் வேலை பாக்குது, இங்கயும் அதையே போட்டு ஏன் படுத்தணும்.

கடைசியா சேர். கடைசின்னு சொன்னா எங்க அண்ணன் பையனுக்கு கோவம் வரும். 1994ல வந்த ஏரான் சேர் இருக்குல்ல, வலை மாதிரி இருக்குற சேருக்கெல்லாம் தாத்தா, அதையே மூணு சைஸ்லதான் பண்ணாங்க, ஏ, பி, சின்னு. லட்ச ரூபா சேருக்கே சைஸ் வேணும்னா நம்ம வாங்குற எட்டாயிரம் ரூபா "எல்லாருக்கும் ஒரே சைஸ்" சேர் எப்படி எல்லாருக்கும் பொருந்தும்? நான் 9,500க்கு வாங்குனது இப்படித்தான். சீட் ஆழம் அதிகம், முதுக சாச்சா சீட் விளிம்பு முட்டிக்குப் பின்னாடி இடிக்கும், இடிக்காம உக்காந்தா முதுகு சாயாது. கைப்பிடி டேபிள்ல முட்டும், அதனால சேர உள்ள தள்ள முடியாம கைய நீட்டிக்கிட்டே அடிப்பேன். படத்துல பாத்தா கப்பல் கேப்டன் சேர் மாதிரி இருந்துச்சு.

அதனால சேர்ல பாக்க வேண்டியது எனக்குத் தெரிஞ்சு மூணே மூணு. நல்லா பின்னாடி தள்ளி உக்காந்தா முட்டிக்கும் சீட் விளிம்புக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் போகணும். உங்க அளவுக்கு சீட் எறங்கணும், நெறைய சேர் 17 இன்ச்சுக்கு கீழ வராது. கைப்பிடி டேபிளுக்கு அடியில போகணும், இல்ல கழட்டுற மாதிரியாவது இருக்கணும். இடுப்புக்கு குஷன், தலைக்கு தலகாணி எல்லாம் அப்புறம். சாய்வு எவ்ளோன்னு கேட்டா, 2006ல ஸ்காட்லாந்துல எம்ஆர்ஐ எடுத்துப் பாத்து 135 டிகிரி சாய்வுல முதுகுத்தண்டு டிஸ்க்குக்கு அழுத்தம் கம்மின்னு சொன்னாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, அந்த சாய்வுல டைப் அடிச்சா ஸ்கிரீன மேல்கூரைலதான் மாட்டணும். கொஞ்சம் பின்னாடி சாஞ்ச மாதிரி, 100, 110 போதும், விறைப்பா கம்பி மாதிரி நிமிந்து உக்காருறதுதான் நல்லதுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னத மறந்துருங்க.

புதுசா, பழசான்னா பழசு. ஆபீஸ் காலி பண்ணும்போது மொத்தமா வாங்கி பழுது பாத்து விக்கிறவங்க பழைய மகாபலிபுரம் ரோடு பக்கம் இருக்காங்க, அங்க நேர்ல உக்காந்து பாத்து வாங்கலாம், அதுதான் பெரிய லாபம். பத்து நிமிஷம் உக்காருங்க, கடைக்காரரு முறைப்பாரு, முறைக்கட்டும். உக்காந்ததும் சீட் தன்னால கீழ எறங்குனா சீட்ட தூக்கிப் பிடிக்கிற கேஸ் சிலிண்டர் போயிடுச்சுன்னு அர்த்தம். சக்கரத்தையும் பாருங்க, டைல்ஸ் தரைல கெட்டி நைலான் சக்கரம் வழுக்கும், ரப்பர் மாதிரி மெத்துனு இருக்குற சக்கரம் போட்டுத் தரச் சொல்லுங்க. நான் அப்படி ஒண்ணு 4,500க்கு எடுத்தேன், அந்த கேப்டன் சேர் இப்ப வீட்ல துணி போடுற சேர். காசே இல்லைன்னா பிளாஸ்டிக் சேர் கேவலம் இல்ல, முதுகுக்கு சுருட்டுன துண்டு, கால் தொங்குனா பேப்பர் கட்டு, கைப்பிடி இல்லாத மாடலா பாத்துக்கோங்க.

இப்ப அந்த 15,000க்கு வருவோம். அண்ணன் பையன் 5 அடி 11. அவன் வீட்டு டேபிள் 29 இன்ச். வீடியோ கால்ல டேப் வச்சு அளக்க வச்சேன், முழங்கை 28ல வருது. சேர ஒண்ணு ரெண்டு இன்ச் ஏத்துனா அவன் காலுக்கு ஒண்ணும் ஆகாது, அதனால அவனுக்கு டேபிள் தொல்லை இல்ல. அவன் கஷ்டம் கழுத்து, அந்த உயரத்துக்கு 14 இன்ச் லேப்டாப் கிணத்துக்குள்ள பாக்குற மாதிரி. அவனுக்கு நான் சொன்னது 24 இன்ச் மானிட்டர், நல்லா உயர்த்துறதுக்கு வசதியா, ஒரு குட்டி கீபோர்டு, மவுஸ், மிச்சத்துல பழைய சேர். 15,000ஐ மொத்தமா சேர்ல போட்டா ராஜா மாதிரி உக்காந்து குனிஞ்சு கெடப்பான். மோட்டார் டேபிள்ல போட்டா நின்னுக்கிட்டு குனிவான். இதே காசு என் கைல இருந்தா நான் மொதல்ல டேபிள், அதாவது ஆசாரி, அப்புறம் மானிட்டர், அப்புறம் சேர்னு போவேன், எனக்கும் அவனுக்கும் ஒரே ரத்தம், ஆனா பத்து இன்ச் வித்தியாசம்.

எதை வாங்குனாலும் அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிங்க, இதுக்கு எந்தக் கடைலயும் மாத்து கிடையாது. 300 வருஷம் முன்னாடியே ரமாசினின்னு ஒரு இத்தாலி டாக்டரு எழுத்தருங்களுக்கு வர்ற நோவுக்கு மூணு காரணம் சொன்னாரு, அசையாம உக்காந்தே கெடக்குறது, கை ஒரே மாதிரி ஆடுறது, தப்பு விழுந்துடக் கூடாதேன்னு மனசு இறுகிக் கெடக்குறது. மூணாவது இருக்கே, ப்ரூஃப் பாக்குறவங்களுக்கு அது வேற யாரும் சொல்லாத உண்மை. நான் சொம்புத் தண்ணிய டேபிள்ல வச்சுக்கிறத நிறுத்திட்டேன், டம்ளர் காலியானா அடுப்படிக்கு நடந்து போகணும், அதுதான் என் அலாரம். கட்டைவிரலுக்கு அடியில இருக்குற சதை மேடு வத்திப் போற மாதிரி இருந்தா, கைல இருந்து டம்ளர் தானா நழுவுனா, டேபிள மாத்திக்கிட்டு உக்காந்துருக்காதீங்க, டாக்டர்கிட்ட ஓடுங்க.

எனக்கு ராத்திரி முழிப்பு நிக்க நாலு மாசம் ஆச்சு. தைராய்டு மாத்திரையா, பட்டையா, டேபிளான்னு கேட்டா எனக்கு ஓட்டு டேபிளுக்குத்தான், பிசியோ பொண்ணு சிரிச்சுக்கிட்டே மூணுக்கும்தான்க்கான்னா.

போன வாரம் பையன் வீடியோ கால்ல வந்தான், மானிட்டர் வந்துருச்சு, ஆனா இன்னும் ஒரு அஞ்சு இன்ச் தூக்கணும்னான். பேசிக்கிட்டே என் டேபிளப் பாத்துட்டு "அத்தை, உங்க மானிட்டருக்கு அடியில நாலு மூலைக்கும் மரக்கட்டை மாதிரி அழகா இருக்கே, அந்த ஸ்டாண்ட் எங்க வாங்குனீங்க, லிங்க் அனுப்புங்க"ன்னான். அது ஆசாரி வெட்டிப் போட்ட தேக்குக் கால்டா.